கிரிப்டோகாக்கஸின் உறை: ஒட்டியிருப்பதும் உதிர்வதும்

கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற பூஞ்சையைச் சுற்றி ஓர் உறை உண்டு, நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்காமல் அது பூஞ்சையைக் காப்பாற்றுகிறது என்று பாடப் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த உறை மனித உடலுக்குள் உண்மையில் என்ன செய்கிறது, வெறும் தடுப்புச் சுவர்தானா என்பது கேள்வி.

தடுப்பதும் அதன் வேலைதான். ஆனால் அது பாதிக் கதை. என்னைக் கேட்டால், பூஞ்சையின் மேல் ஒட்டியிருக்கும் உறையைவிட, அதிலிருந்து உதிர்ந்து ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் கலக்கிற உறைப்பொருள்தான் நோயாளியை அதிகம் படுத்துகிறது. பாடப் புத்தகங்கள் இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

முதலில் இந்தப் பூஞ்சையைப் பற்றிச் சுருக்கமாக. இது ஒரு ஈஸ்ட் வகை. மண்ணிலும், புறா எச்சத்திலும், மரப்பொந்துகளிலும் வாழ்கிறது. காற்றில் பறக்கும் அதன் நுண்துகள்களை மூச்சோடு உள்ளே இழுக்காதவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. உடல் அதை அழித்துவிடும், அல்லது நுரையீரலிலேயே சிறைவைத்துவிடும். எதிர்ப்பு சக்தி சரியும்போதுதான் அது வெளியே வந்து மூளைக்குப் போய் மூளைக்காய்ச்சலை உண்டாக்குகிறது. எச்ஐவி தொற்றில் சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100க்குக் கீழே போனவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். 2020ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, எச்ஐவி உள்ளவர்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளைக்காய்ச்சல் வந்தது. சுமார் 1,12,000 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மிக முக்கியமானவை என்ற மேல்வரிசையில் இதுவும் இருக்கிறது.

இனி உறைக்கு வருவோம். அது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த பாலிசாக்கரைடு இழைகளால் ஆனது. அதில் சுமார் 90 சதவீதம் குளுக்குரோனோசைலோமன்னன் என்ற ஒரே பொருள், சுருக்கமாக ஜிஎக்ஸ்எம். மன்னோஸ் சர்க்கரைகள் முதுகெலும்பு மாதிரி நிற்க, பக்கவாட்டில் சைலோஸும் குளுக்குரோனிக் அமிலமும் தொங்கும். அந்த அமிலத்தால் உறை முழுவதும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. எடையில் பெரும்பங்கு தண்ணீர். அதாவது, கெட்டியான ஓடு என்று கற்பனை செய்யாதீர்கள். தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டிருக்கும் வழவழப்பான ஜெல் அது.

இதன் தயாரிப்பு முறை சுவாரஸ்யமானது. செல்லுக்கு உள்ளேதான் ஜிஎக்ஸ்எம் உருவாகிறது. நுண்ணிய குமிழ்களில் அடைபட்டுச் செல் சுவரைத் தாண்டி வெளியே வருகிறது. 2007இல்தான் இந்தக் குமிழ்ப் போக்குவரத்து தெளிவாக விவரிக்கப்பட்டது. வெளியே வந்த இழைகள் செல் சுவரில் உள்ள ஆல்ஃபா குளுக்கன் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த ஆல்ஃபா குளுக்கனைத் தயாரிக்க முடியாத பூஞ்சையும் ஜிஎக்ஸ்எம்மைத் தயாரிக்கும், வெளியேயும் அனுப்பும், ஆனால் தன்மேல் நிறுத்திவைக்க முடியாது. ஆக, தயாரிப்பது ஒரு வேலை, போர்த்திக்கொள்வது இன்னொரு வேலை. சாதாரண பூஞ்சையிலும் எல்லாம் போர்வையாக நிற்பதில்லை; தொடர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

உறை இல்லாவிட்டால் நோயும் இல்லை என்பதற்கு நேரடிச் சான்று 1994இல் கிடைத்தது. கேப்59 என்ற மரபணுவை நீக்கிய பூஞ்சைக்கு உறை உருவாகவில்லை. எலிகளுக்கு நோயும் வரவில்லை. அதே மரபணுவைத் திரும்பச் சேர்த்ததும் உறையும் வந்தது, நோயும் வந்தது.

சரி, உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

வெளியே மண்ணில் இருக்கும்போது உறை மெல்லியதாகவே இருக்கும். அது பூஞ்சைக்குச் சாதகம்தான். நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய்ச் சேர வேண்டுமானால் துகள் சில மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். பெரிய துகள்கள் மேலேயே மூச்சுக்குழாய்ச் சளியில் சிக்கி வெளியேறிவிடும். வித்தாகவோ, காய்ந்து சுருங்கிய ஈஸ்டாகவோ பூஞ்சை உள்ளே வருகிறது. வந்தவுடன் அதற்குச் சில சமிக்ஞைகள் கிடைக்கின்றன. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், உடல் திசுவில் அது ஏறத்தாழ 5 சதவீதம், நூறு மடங்குக்கும் மேல். மண்ணில் தாராளமாகக் கிடைத்த இரும்பு இங்கே புரதங்களுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அமில-காரத் தன்மையும் வேறு. இவை சேர்ந்து, இடம் மாறிவிட்டது என்று பூஞ்சைக்குச் சொல்கின்றன. ஒரு நாளுக்குள் உறை பல மடங்கு தடிக்கிறது. 4 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும் செல்லைச் சுற்றி, செல்லைவிடத் தடிமனான உறை வளர்வதும் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் இந்தச் சமிக்ஞைகளைக் கொடுத்தே உறையை வளர்க்கிறார்கள்.

தடித்த உறையின் முதல் வேலை மறைப்பது. பெரும்பாலான பூஞ்சைகளின் செல் சுவரில் பீட்டா குளுக்கன், மன்னன் போன்ற பொருட்கள் உண்டு. நம் மேக்ரோஃபேஜ்கள், அதாவது விழுங்கும் செல்கள், இவற்றைத் தொட்டறிந்துதான் வந்திருப்பது பூஞ்சை என்று கண்டுபிடிக்கின்றன. கிரிப்டோகாக்கஸில் அவை ஜெல்லுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. உறையில்லாத பூஞ்சையை மேக்ரோஃபேஜ்களோடு சேர்த்து வைத்தால் உடனே விழுங்கிவிடுகின்றன. உறையுள்ளதை, உதவிக்கு எதுவும் இல்லாவிட்டால், அநேகமாகத் தொடுவதே இல்லை.

உதவி என்பது ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதத் தொகுதியும். கிருமியின் மேல் இவை ஒட்டிக்கொண்டால் விழுங்கும் செல்லுக்குப் பிடி கிடைக்கும். இங்கே ஒரு விசித்திரம். உறையில் காம்ப்ளிமென்ட் நன்றாகவே படிகிறது, ஏராளமாகவும் படிகிறது. ஆனால் படியும் இடம்தான் சிக்கல். மேல்பரப்பிலேயே நின்றால் பிடி கிடைக்கும். உறைக்குள் ஆழமாகப் படிந்தால் மேக்ரோஃபேஜின் ஏற்பிகளுக்கு எட்டாது. முதலில் மேலே படிந்ததையும், உறை மேலும் வளரும்போது உள்ளே புதைத்துவிடுகிறது. ரத்தத்தில் பூஞ்சை அளவுக்கு மீறிப் பெருகியவர்களில், இப்படிப் படிந்து படிந்தே காம்ப்ளிமென்ட் தீர்ந்துபோவதும் உண்டு. மூளைத் தண்டுவட நீரிலோ காம்ப்ளிமென்ட் இயல்பாகவே குறைவு. அங்கே பூஞ்சைக்கு வசதிதான்.

இத்தனை தடை இருந்தும் உடலுக்குள் நிறையப் பூஞ்சைகள் விழுங்கப்படத்தான் செய்கின்றன. விழுங்கினால் கதை முடிந்ததா என்றால், இல்லை. மேக்ரோஃபேஜ் தான் விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, அமிலத்தையும் ஆக்சிஜன் தனியுறுப்புகளையும் (ஃப்ரீ ராடிக்கல்கள்) பாய்ச்சிக் கொல்லப் பார்க்கும். தனியுறுப்புகளை உறையின் சர்க்கரைகள் தாங்களே வாங்கிக்கொண்டு செல்லுக்குப் போகாமல் தடுக்கின்றன. அமிலத்தைச் சமாளிப்பது இன்னும் நேர்த்தி. முன்பு சொன்ன குளுக்குரோனிக் அமிலம் ஒரு தாங்கல் கரைசல் போல வேலை செய்து, பைக்குள் பிஎச் அளவைச் சுமார் 5இல் நிறுத்திவைக்கிறது. பூஞ்சை நன்றாக வளர்வதற்கு ஏற்ற அளவு அது. அதாவது, மேக்ரோஃபேஜ் கொலைக்களமாக நினைத்த இடம் வளர்ப்பறை ஆகிவிடுகிறது. பையின் சவ்வில் மெல்ல மெல்ல ஓட்டை விழுகிறது. உதிர்ந்த ஜிஎக்ஸ்எம் மேக்ரோஃபேஜின் உடல் முழுக்கப் பரவுகிறது.

அப்புறம் நடப்பதை 2006இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வீடியோவில் பிடித்தன. மேக்ரோஃபேஜ், உள்ளே இருந்த பூஞ்சையை அப்படியே வெளியே துப்புகிறது. பூஞ்சையும் உயிரோடு போகிறது, மேக்ரோஃபேஜும் உயிரோடு நகர்கிறது. செல் வெடித்துச் சிதறியிருந்தால் சுற்றுப்புறத்துக்கு அபாய அறிவிப்பு போயிருக்கும், அழற்சி வந்திருக்கும். இங்கே அது எதுவும் இல்லை. துப்பப்படாமல் உள்ளேயே தங்கிவிடும் பூஞ்சை, அந்த மேக்ரோஃபேஜையே வாகனமாக்கி ரத்தத்துக்கும் மூளைக்கும் போவதும் உண்டு. ஆய்வாளர்கள் இதை ட்ரோஜன் குதிரை வழி என்கிறார்கள். மூளைக்குள் நுழைய இது ஒன்றே வழியல்ல. தனியாக ரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்தும் பூஞ்சை போகும், அதில் யூரியேஸ் என்ற நொதிக்கும் பங்கு உண்டு.

உறையின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நுரையீரலில் சில செல்கள் ராட்சத அளவுக்கு வளர்கின்றன. டைட்டன் செல்கள் என்று பெயர். உறையைத் தவிர்த்து உடல் மட்டும் 10 மைக்ரானுக்கு மேல், சில சமயம் பல பத்து மைக்ரான். அவற்றின் உறையும் நெருக்கமாக இறுகியது. இவ்வளவு பெரியதை எந்த மேக்ரோஃபேஜாலும் விழுங்க முடியாது. ஆனால் அவற்றால் நுரையீரலை விட்டுப் போகவும் முடியாது. அவை அங்கேயே உட்கார்ந்து வழக்கமான அளவுள்ள குட்டிகளை ஈன்றுகொண்டிருக்கின்றன. மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது சிறிய செல்கள்தான். பெரிதாவது தங்குவதற்கு, சிறிதாவது பயணத்துக்கு. உறையை ஒரே அளவில் வைத்திருக்கும் பூஞ்சையால் இந்த இரண்டையும் செய்ய முடியாது.

இனி உதிரும் உறைப்பொருளைப் பார்ப்போம். ஜிஎக்ஸ்எம் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் கரைந்து சுற்றும். பூஞ்சை ஓரிடத்தில் இருந்தாலும், அதன் உறைப்பொருள் உடல் முழுக்க இருக்கும். அது போகிற இடமெல்லாம் நோய் எதிர்ப்பின் குரலை அடக்குகிறது.

தொற்று நடந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் எப்படி வருகின்றன? ரத்தக்குழாய்ச் சுவரில் லேசாக ஒட்டி, உருண்டு, நின்று, பிறகு சுவரைத் துளைத்து வெளியேறுகின்றன. அந்த முதல் ஒட்டலுக்கு எல்-செலக்டின் என்ற மூலக்கூறு வேண்டும். ஜிஎக்ஸ்எம் பட்ட நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் தங்கள் எல்-செலக்டினை உதிர்த்துவிடுகின்றன. அப்புறம் அவற்றால் நிற்க முடியாது. ரத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். மேக்ரோஃபேஜ்கள் ஜிஎக்ஸ்எம்மை உள்வாங்கினால் இன்டர்லூக்கின்-10 என்ற, அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞையைச் சுரக்கின்றன. அவற்றின் மேல் ஃபாஸ் லிகாண்ட் என்ற புரதம் அதிகமாகிறது. அதைத் தொடும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தற்கொலை செய்துகொள்கின்றன. இந்தப் பூஞ்சையை அடக்க உடலுக்கு முதன்மையாக வேண்டியது டி செல்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எச்ஐவி ஏற்கெனவே சிடி4 டி செல்களைத் தின்றுவிட்ட ஒருவருக்கு, மிச்சமிருப்பதையும் பூஞ்சை கெடுக்கிறது.

இதன் விளைவை மருத்துவர்கள் நேரில் பார்க்கிறார்கள். பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் ஒரு மைக்ரோலிட்டர் தண்டுவட நீரில் ஆயிரத்துக்கும் மேல் வெள்ளணுக்கள் இருப்பது சாதாரணம். எச்ஐவியோடு வரும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் பூஞ்சை லட்சக்கணக்கில் நீந்தினாலும் வெள்ளணுக்கள் 20ஐக்கூடத் தாண்டாத நோயாளிகள் உண்டு. அப்படி வெள்ளணுக்கள் குறைவாக இருப்பது கெட்ட அறிகுறி. பலருக்குக் கழுத்து விறைப்புகூட இருப்பதில்லை. வாரக்கணக்கில் தலைவலி, லேசான காய்ச்சல், கொஞ்சம் குழப்பம், அவ்வளவுதான். நோய் மெதுவாக வருவதால் சாதாரண தலைவலி என்று நினைத்து நாள் கடத்திவிடுகிறார்கள்.

உறைப்பொருளின் இன்னொரு கேடு இயந்திரத்தனமானது. தண்டுவட நீர் நாள்தோறும் உற்பத்தியாகி, மூளையைச் சுற்றியுள்ள அரக்னாய்டு முடிச்சுகள் வழியே ரத்தத்துக்குத் திரும்பி வடிய வேண்டும். பூஞ்சைச் செல்களும் பிசுபிசுப்பான ஜிஎக்ஸ்எம்மும் அந்த வடிகாலை அடைத்துவிடுகின்றன. நீர் தேங்கி, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டியது, நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் 25ஐத் தாண்டுகிறது. பார்வை போவது, காது கேட்காமல் போவது, கண் மாறுகண்ணாவது, நினைவு தப்புவது, ஏன், முதல் இரண்டு வாரங்களில் நிகழும் பல மரணங்களுமே இந்த அழுத்தத்தால்தான். உகாண்டாவில் நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்து எடுத்த பூஞ்சைகளின் உறையை அளந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, உறை பெரிதாக இருந்தவர்களுக்கு அழுத்தம் அதிகமாகவும் அழற்சி குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. மேலே சொன்ன இரண்டு கேடுகளும் ஒரே நோயாளியில் கைகோத்து வருகின்றன.

அதனால்தான் இந்த நோயில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது பரிசோதனைக்கு மட்டுமல்ல, சிகிச்சைக்கும்கூட. அழுத்தம் அதிகமென்றால் நீரை வடித்து இறக்க வேண்டும்; தேவைப்பட்டால் நாள்தோறும். முதுகில் ஊசி என்றால் குடும்பத்தினர் பயந்து மறுப்பது பல நாடுகளில் நடக்கிறது. மருந்து மட்டும் கொடுத்து அழுத்தத்தை விட்டுவிடுவது அரைகுறை வைத்தியம் என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கத்தான் வேண்டும். மூளை அழுத்தம் என்றவுடன் ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று தோன்றும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக நடந்த, 2016இல் வெளியான பெரிய பரிசோதனையில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களுக்குப் பூஞ்சை மெதுவாகவே அழிந்தது, பாதிப்புகளும் கூடின. பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். யோசித்தால் ஆச்சரியமில்லை. இங்கே பிரச்சினை வீக்கமல்ல, அடைப்பு. போதாததற்கு, ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பை ஸ்டீராய்டு இன்னும் அடக்குகிறது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் பூஞ்சைக்கு ஒரு விதத்தில் வினையாகிறது. உறையைப் போல அதைக் காட்டிக்கொடுப்பது வேறொன்றும் இல்லை. தண்டுவட நீரில் ஒரு துளி இந்தியா இங்க் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மையின் கரித்துகள்கள் உறைக்குள் புக முடியாமல், கரிய பின்னணியில் ஒளிவட்டத்தோடு செல்கள் தெரியும். பூஞ்சை குறைவாக இருந்தால் இந்த முறை தவறவிடும். உதிர்ந்த ஜிஎக்ஸ்எம்மைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனை அதைவிட மிகத் துல்லியம். கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு பட்டையில் சுமார் 10 நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். விரல் நுனி ரத்தமே போதும். முக்கியமாக, தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே ரத்தத்தில் ஆன்டிஜன் தென்படத் தொடங்கிவிடும். எச்ஐவி உள்ளவர்களில் சிடி4 100க்குக் கீழ் இருந்தால், முடிந்தால் 200க்குக் கீழ் இருந்தாலே, அறிகுறி இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான். ரத்தத்தில் ஆன்டிஜன் இருந்து, மூளைக்குப் பரவவில்லை என்று உறுதியானால், ஃப்ளுகோனசோல் மாத்திரையாலேயே மூளைக்காய்ச்சலைத் தடுக்கப் பார்க்கலாம்.

இந்தப் பரிசோதனையில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஆன்டிஜன் அளவுக்கு மீறி இருந்தால் பட்டையில் கோடே விழாமல் 'இல்லை' என்று காட்டக்கூடும்; சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரியை நீர்த்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று, பூஞ்சை செத்த பிறகும் உறைப்பொருள் உடலில் மாதக்கணக்கில் தங்கும். ஆகவே ஆன்டிஜன் இன்னும் இருக்கிறதே என்று சிகிச்சை தோற்றுவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. குணத்தை அளக்கத் தண்டுவட நீரைக் கல்ச்சர் வைத்து, அதாவது அதில் பூஞ்சை வளர்கிறதா என்று, பார்க்க வேண்டும். தங்கிவிட்ட அந்த உறைப்பொருள் இன்னொரு தலைவலியையும் தருகிறது. எச்ஐவி மருந்தால் எதிர்ப்பு சக்தி திரும்பி வரும்போது, அது மிச்சமிருக்கும் ஆன்டிஜனைத் திடீரென்று கண்டுகொண்டு மூர்க்கமாகத் தாக்கும். நோயாளி தேறி வருகையில் மறுபடி மோசமாவார். இந்த மூளைக்காய்ச்சல் உள்ளவர்களுக்கு எச்ஐவி மருந்தை உடனே தொடங்காமல் 4 முதல் 6 வாரம் தள்ளிவைப்பது அதற்கு ஒரு காரணம்.

உறையையே தாக்கும் மருந்து இருக்கிறதா என்றால், நடைமுறையில் இல்லை. ஆம்ஃபோடெரிசின் பி செல் சவ்வைத் தாக்குகிறது, ஃப்ளுசைட்டோசின் மரபுப்பொருள் தயாரிப்பைக் கெடுக்கிறது, ஃப்ளுகோனசோல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைத் தடுக்கிறது. 2022இல் வந்த ஆப்பிரிக்கப் பரிசோதனைக்குப் பிறகு, கொழுப்புக் குமிழில் அடைத்த ஆம்ஃபோடெரிசினை உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்து, மற்ற இரண்டையும் வாய்வழியே 14 நாள் தொடர்வதே எச்ஐவி நோயாளிகளுக்கு முதல் பரிந்துரை. ஜிஎக்ஸ்எம்மைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று மனிதர்களில் முதற்கட்டச் சோதனை வரை போனது. வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. உறையை வைத்துத் தடுப்பூசி செய்யும் முயற்சியிலும் சிக்கல் உண்டு. ஜிஎக்ஸ்எம்முக்கு எதிரான ஆன்டிபாடிகளில் சில காப்பாற்றுகின்றன, சில பயனற்றவை, சில நோயைக் கூட்டவும் செய்கின்றன.

மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவாத, மண்ணில் நிம்மதியாக வாழும் ஒரு பூஞ்சைக்கு இத்தனை ஆயுதங்கள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை அமீபா. மண்ணில் பூஞ்சையைத் தின்பவை அமீபாக்கள்; அவை விழுங்கும் விதமும் மேக்ரோஃபேஜ் விழுங்கும் விதமும் ஏறத்தாழ ஒன்று. உறையுள்ள கிரிப்டோகாக்கஸ் அமீபாவுக்குள்ளும் பிழைத்துப் பெருகுவதை 2001இல் காட்டினார்கள். எனக்கு இந்த விளக்கம் மறைப்பதற்கும் விழுங்கலைத் தாங்குவதற்கும் பொருந்துவதாகப் படுகிறது. டி செல்களை அடக்குவதற்கு அப்படியே பொருந்துமா என்பதில் தயக்கம் உண்டு. அமீபாவுக்கு டி செல் கிடையாதே.

கடைசியாக, விதிவிலக்கு ஒன்று. உறை மிகக் குறைந்த, அல்லது மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவுக்கு மெல்லிய உறையுள்ள கிரிப்டோகாக்கஸும் எப்போதாவது மனிதர்களுக்கு நோய் தரும். அப்போது படம் தலைகீழாகிறது: அடக்குவதற்கு ஜிஎக்ஸ்எம் போதாததால் அழற்சி பலமாக இருக்கும், திசுவில் கட்டிகள் திரளும், காசநோய் போலக்கூடத் தோன்றும். உறையைச் சிவப்பாக்கும் மியூசிகார்மின் சாயம் இதில் கைகொடுக்காது. பூஞ்சைச் சுவரில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமியைக் காட்டும் ஃபோன்டானா-மேசன் சாயத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.